ஸ்கேன் ஃபிலிமில் ஒரு கறுப்பு வட்டம்

1992 ஜூலை 15, புதன்கிழமை. விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. குடங்களைப் பிடித்து உள்ளே கொண்டுவந்து வைத்தவர் என் கணவர். வயிறு தெரிய ஆரம்பித்ததிலிருந்து குடம் தூக்கும் வேலையை அவர் எடுத்துக்கொண்டிருந்தார். நான் பாலைக் காய்ச்சினேன், இட்லி ஊற்றினேன், அவருடைய டிபன் பாக்ஸில் தயிர் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்தேன். அந்த வாரம் அவருக்குக் காலை ஷிப்ட். சைக்கிள் தெருமுனையில் திரும்பியதும் கதவைச் சாத்திவிட்டு வீட்டைப் பெருக்கினேன், துணியை ஊற வைத்தேன், காலண்டரில் முந்திய நாள் தாளைக் கிழித்தேன். ஆனி மாதம் முடிய இன்னும் ஓரிரு நாளே இருந்தது.

எந்த வேலையையும் அதனதன் நேரத்தில் செய்து முடிப்பது என் பழக்கம். ஸ்கேன் எடுத்ததற்குப் பிறகான ஆறு வாரங்களில் அந்தப் பழக்கம்தான் என்னை நிறுத்தி வைத்திருந்தது. எனக்கு அப்போது ஏழாம் மாதம். முதல் குழந்தை. அந்தக் குழந்தையின் நெஞ்சில் ஓட்டை இருக்கிறது என்று நானும் கணவரும் நம்பிக்கொண்டிருந்தோம். எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

எங்களுக்கு அதைச் சொன்னவர் டாக்டர் இல்லை. ஸ்கேன் ஃபிலிமைப் பார்த்துக் கண்டுபிடித்தவர் என் கணவர்.

அவர் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். தொழிற்சாலைக் குடியிருப்பிலேயே எங்கள் வீடு. எஃகுத் தகடுகளை வெல்டிங் செய்து சேர்த்த இடத்தை அங்கே எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்த ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, வெல்டிங் தேறுமா தேறாதா என்று எழுதுவதுதான் அவருடைய வேலை. கெட்டியான இரும்பு ஃபிலிமில் வெளுப்பாகத் தெரியும். உள்ளே காற்று புகுந்து பொத்தல் விழுந்திருந்தால் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். “கறுப்புன்னா காத்து, காத்துன்னா ரிஜெக்ட்” என்பது அவர்கள் செக்‌ஷனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம். கல்யாணமான புதிதில் இதையெல்லாம் எனக்கு விளக்கும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருக்கும். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஊரில் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிவதைப் பார்க்கிறார்கள், இவர் உள்ளே இருப்பதைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஸ்கேன் எடுக்கச் சொன்னது ஐந்தாம் மாதம். எங்கள் குடியிருப்பில் அப்போதெல்லாம் எல்லோரும் ஸ்கேன் எடுத்துக்கொள்வதில்லை. என்னைப் பார்த்த லேடி டாக்டர், “வீட்டுல யாருக்காவது பிறவியிலேயே குறை இருக்கா?” என்று கேட்டார். என் நாத்தனாருடைய முதல் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை. நடக்கப் பழகுவதற்கு முன்பே இறந்துவிட்டது. அதைச் சொன்னதும், அம்பத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டர் இருக்கிறது, போய் எடுத்துவிட்டு வாருங்கள் என்று சீட்டு எழுதிக்கொடுத்தார்.

அங்கே பெஞ்சில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள். ஆளுக்கு ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

“இன்னும் எத்தினி பேரு, அக்கா, உனக்கு முன்னால? என்னால முடியல.”

“எழுந்து பாத்ரூம் பக்கம் போனியோ, அவ்ளோதான். மறுபடியும் முதல்லேர்ந்து ஒரு சொம்பு.”

“பையனா பொண்ணான்னு சொல்வாரா?”

“முதல்ல நம்மள உள்ள கூப்பிடச் சொல்லு. அப்புறம் எது வேணா சொல்லட்டும்.”

உள்ளே இருட்டறை. டாக்டர் வயிற்றில் சில்லென்று எதையோ தடவி, ஒரு கட்டையை வைத்து அழுத்தி நகர்த்திக்கொண்டே இருந்தார். திரையில் சாம்பல் நிறத்தில் மழை பெய்வதுபோல ஏதோ ஓடியது. “பேபி நல்லா இருக்கும்மா. நெக்ஸ்ட்” என்றார். எனக்கு முன்னால் போனவளிடமும் அதையேதான் சொன்னார். திரைச்சீலைக்கு இப்பால் கேட்டது. எனக்குப் பின்னால் போனவளிடமும் அதேதான், அதே குரலில். எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லப்பட்ட ஒன்றை என் குழந்தைக்கென்று சொன்னதாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் ரிப்போர்ட்டையும் ஃபிலிமையும் கணவரிடம் கொடுத்தேன். ரிப்போர்ட்டின் கடைசி வரி, “நோ கிராஸ் அப்நார்மாலிட்டி சீன்.” நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். நாள் முழுக்கப் பேக்கிங் லிஸ்ட்டில் மொத்த எடைக்குக் கிராஸ் வெயிட், கழித்தது போக மிச்சத்துக்கு நெட் வெயிட் என்று அடிக்கிறவள். அவருடைய சம்பளச் சீட்டிலும் கிராஸ் ஒரு கட்டம், நெட் ஒரு கட்டம்.

“கிராஸ்ல ஒண்ணும் இல்லன்னு போட்டிருக்கு. அப்ப நெட்ல?” என்று கேட்டேன்.

இன்றைக்கு இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். அன்று நான் சிரிப்புக்காகக் கேட்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

“அது கூடப் பரவாயில்ல. ‘சீன்’னு ஏன் போடணும்? குறை இல்லன்னா இல்லன்னு எழுத வேண்டியதுதான? தென்படலன்னு எழுதுனா என்ன அர்த்தம்? நாங்க அப்படி எழுதுனா எங்க சார்ஜ்மேன் சட்டையப் பிடிச்சிருவாரு” என்றார். சொந்த ஊர் மதுரைப் பக்கம். கவலை வந்தால் அவர் பேச்சில் ஊர் வந்துவிடும்.

ஃபிலிமை எடுத்துக்கொண்டு சமையலறை ஜன்னலுக்குப் போனார். ஒரே ஃபிலிமில் ஆறு கட்டங்கள், ஆறு படங்கள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, தொழிற்சாலையில் பார்ப்பது போலவே மேல் மூலையிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நாலாவது கட்டத்தில் நின்றுவிட்டார்.

“இங்க வா. இது என்னது?”

சாம்பல் நிறத்துக்கு நடுவில் ஒரு கறுப்பு வட்டம். மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும். ஓரம் தெளிவாக, உள்ளே ஒன்றுமே இல்லாத கறுப்பு.

“நெஞ்சு இதுதான? இதயம் இடது பக்கம்தான?” என்றார்.

“ஆமா.”

ஃபிலிமை ஜன்னல் கம்பிக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு, எனக்குச் சொல்வதுபோல இல்லாமல், “எங்க செக்‌ஷனா இருந்தா ரிஜெக்ட்னு எழுதிட்டுப் போயிருவேன்” என்றார்.

சொன்ன உடனே அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. நான் கோபப்பட்டிருக்கலாம், அழுதிருக்கலாம். நான் தலையை ஆட்டினேன். அவர் ஃபிலிம் பார்க்கத் தெரிந்தவர்; அதனால் தலையாட்டினேன்.

மறுநாளே போய் டாக்டரிடம் ஏன் கேட்கவில்லை என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். நாத்தனார் வீட்டில் நாங்கள் பார்த்திருந்தோம். அவர்கள் ஒவ்வொரு டாக்டராகப் போய்க் கேட்டார்கள். போன இடத்திலெல்லாம் குழந்தையின் ஆயுள் ஒரு சுற்றுக் குறைந்துகொண்டே வந்தது. கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஐந்தாம் மாதம் வேறு. கலைத்துவிடலாமா என்று யாராவது கேட்டுவிட்டால், ஆம் என்றோ இல்லை என்றோ நாங்கள் வாயைத் திறந்தாக வேண்டும். கேட்காமல் இருக்கிற வரைக்கும் அந்தக் கேள்வி இல்லை. இரண்டு பேரும் இதை உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. ஃபிலிமை உறையில் போட்டு அலமாரியில் வைத்தோம், அவ்வளவுதான்.

அதற்கு நாலைந்து நாள் கழித்து, மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, வயிற்றுக்குள் மீன் வாலை அடித்தாற்போல ஒன்று நடந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். துணியைப் பாதியில் விட்டுக் கீழே இறங்கி, வாயுத் தொல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓமத் தண்ணீர் வைத்துக் குடித்தேன். கணவரிடம் சொல்லவில்லை. அதன் பிறகு தினமும் அசைந்தது. தினமும் சொல்லாமல் இருந்தேன். உட்காரும்போது கை தானாக வயிற்றின் மேல் போகும். எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். போய்விடப் போகிறதென்றால் இப்போதிருந்தே பழகாமல் இருப்பது நல்லது என்று அந்த வயதில் ஒரு கணக்கு. ஆபீஸில் கூட வேலை பார்க்கும் பெண்கள் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வருகிறார்கள் என்று, கால் வீக்கம் என்று சொல்லி முன்கூட்டியே லீவு போட்டுவிட்டேன்.

அந்தப் புதன்கிழமை, துணி அலசிக்கொண்டிருந்தபோது, எட்டரை மணி வாக்கில் அம்மா வந்தாள்.

அம்மா வீடு வேப்பம்பட்டில். நிலமும் மாடும் உள்ள வீடு. ரயிலேறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடலாம். வளைகாப்பு எப்போது என்று இரண்டு தடவை கேட்டிருந்தாள். ஒன்பதாம் மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு தடவையும் தட்டிக்கழித்திருந்தேன். அன்றைக்கு ஒரு கையில் தூக்குவாளிகள், இன்னொரு கையில் பெரிய துணிப்பை. அவளுக்குப் பின்னாலேயே பக்கத்து வீட்டு அக்கா, பட்டுப்புடவையில். அக்காவுக்குக் கோயமுத்தூர்ப் பக்கம். அவர் கணவரும் அதே தொழிற்சாலைதான்.

“இன்னாடி அப்டியே நிக்கிற? போ, தலைக்கு ஊத்திகினு வா. ஒம்போதரைக்கு நல்ல நேரம்” என்றாள் அம்மா.

“எதுக்கும்மா?”

“எதுக்கா? எனக்குக் கல்யாணம். மாப்ள பாத்துகீறேன். கேக்கறா பாரு கேள்வி.”

அக்கா சிரித்தார். “போன ஞாயித்துக்கெழமையே அம்மாவும் நானும் பேசி வெச்சுட்டமுங்க. நம்ம லைன் வீடுகள்ல அஞ்சு பேரைக் கூப்டிருக்கறேன் கண்ணு. உங்கிட்டச் சொன்னா நீ வேண்டாம்பே, அதான் சொல்லுல.”

அம்மா அதற்குள் பாயை விரித்துத் தாம்பாளத்தை எடுத்து வைத்தாள். சந்தனம், குங்குமம், பன்னீர்ச் சொம்பு. செய்தித்தாளில் சுற்றிய வளையல்களைப் பிரித்தாள், சிவப்பும் பச்சையும். திருநின்றவூரில் வாங்கினாளாம். என் கை அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வளையலை எடுத்துக்கொண்டு, “கையக் குடு” என்றாள்.

நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“வேணாம்மா.”

“இன்னா வேணாம்?”

“வளையல் வேணாம்.”

“ஏழாம் மாசப் பொண்ணு வளையல் வேணாம்னு சொல்லி நான் எங்கியும் கேட்டதில்ல. மாமியாக்காரி கடுதாசி எதுனா போட்டாளா?”

“இல்ல.”

“மாப்ள எதுனா சொன்னாரா?”

நான் கையைப் பின்னாலிருந்து எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அடுப்புல பாலை வெச்சுட்டு வந்துட்டனுங்க” என்று சொல்லி வெளியே போனார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு யாரும் அடுப்பில் பால் வைத்துவிட்டு வருவதில்லை.

வளைகாப்பு வளையலைப் போட்டால் பிரசவம் வரை கழற்றக்கூடாது. அந்தச் சத்தம் குழந்தைக்குக் கேட்கும் என்பார்கள். எனக்கு அதுதான் பயம். கூப்பிட்டுக்கொண்டே இருப்பது போல இருக்கும், வரப்போவது நின்று வாழுமோ வாழாதோ. அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. ஒரே வரிதான் சொன்னேன்.

“கொழந்தைக்கு நெஞ்சில ஓட்டைம்மா.”

அம்மா பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

“யாரு சொன்னது?”

“அவருதான்.”

“எவுரு?”

“உன் மாப்ள.”

“மாப்ள எப்போ டாக்டருக்குப் படிச்சாரு?”

“அவரு வேலையே ஃபிலிம் பாக்கறதுதாம்மா. டாக்டர் எல்லாருக்கும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாரு.”

“எடு அந்தப் படத்த.”

எடுத்துக் கொடுத்தேன். வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தாள். நான் பக்கத்தில் நின்று விரலால் காட்டினேன். ஒரு தைரியத்தோடுதான் படத்தைக் கேட்டாள்; பார்த்த பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது.

“ஆமாண்டி. கீது. கறுப்பா கீது.”

இப்போது அதை நம்புகிறவர்கள் மூன்று பேர் ஆனோம்.

அம்மா படத்தை உறைக்குள் போட்டாள். பிறகு, “வா. கெளம்பு. போய் டாக்டராண்ட கேட்டுகினு வந்துடலாம்” என்றாள்.

“வேணாம்மா. கேட்டா...”

“எதுவா இருந்தாலும் கேட்டுடலாம். இதக் கண்ணால பாத்துட்டு நான் ஊட்டுக்குப் போய் எப்டி மாடு கறப்பேன்?”

தெருவில் இறங்கியபோது எதிரில் இரண்டு பெண்கள் தலை நிறையப் பூவோடு எங்கள் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். “பொண்ணுக்கு ஒடம்பு கொஞ்சம் சரியில்லம்மா, ஆஸ்பத்திரிக்குப் போறோம்” என்றாள் அம்மா. அவர்கள் முகம் மாறியதையும், ஒருத்தி தன் கையிலிருந்த வெற்றிலைப் பாக்குத் தட்டை என்ன செய்வது என்று தெரியாமல் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டதையும் நான் மறக்கவில்லை.

பஸ்ஸில் அம்பத்தூர் போகும் வரை அம்மா படத்தை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஸ்கேன் சென்டரில், “அப்பாயின்ட்மென்ட் இருக்கா?” என்று கேட்ட பெண்ணிடம், “அதெல்லாம் எங்கிட்ட இல்ல, பொண்ணுதான் கீது. உள்ள விடு” என்றாள். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் சொம்பும் கையுமாக எங்களை முறைத்தார்கள். கடைசிப் பெண்ணும் வெளியே வந்த பிறகு, சாப்பிடக் கிளம்பிய டாக்டரை வாசலிலேயே பிடித்தோம்.

“ஒரே ஒரு சந்தேகம் சார்” என்றேன்.

அவர் திரும்ப உள்ளே போய் ஃபிலிமை விளக்கில் வைத்தார். “எது?”

நாலாவது கட்டத்தில் விரலை வைத்துக் காட்டினேன்.

“இதுவா? இது வயிறும்மா. குழந்தையோட வயிறு.”

எனக்குப் புரியவில்லை. “கறுப்பா...” என்றேன்.

“தண்ணிம்மா. குழந்தை உள்ள தண்ணியிலதானே இருக்கு? அதை அப்பப்ப முழுங்கும். முழுங்கின தண்ணி வயித்துல நிக்குது. ஸ்கேன்ல தண்ணி கறுப்பாத்தான் தெரியும், எலும்பு வெள்ளையாத் தெரியும். இதயம் இங்க இல்ல, இதோ, இதுக்கு மேல.” பேனாவின் நுனியால் சுட்டிக்காட்டினார். “நான் முதல்ல தேடுறதே இந்தக் கறுப்பைத்தான். இது தெரியலேன்னாத்தான் திரும்ப வரச் சொல்வேன்.”

“அப்போ கொழந்தை நல்லா கீதா சார்?” என்றாள் அம்மா.

“இந்த மிஷின்ல எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் நல்லா இருக்கு. எல்லாமே இதுல தெரிஞ்சுடும்னு நான் சொல்ல மாட்டேன். அதனாலதான் ரிப்போர்ட்ல அப்படி எழுதறோம்.”

கிராஸ் என்றால் என்ன என்று கேட்டேன். பெரிதாக, பார்த்தாலே தெரிகிற மாதிரி என்று அர்த்தம் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்து, “ஓட்டைன்னு யாரு சொன்னா?” என்று கேட்டார்.

“தெரிஞ்சவங்க ஒருத்தர் சார்.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஏம்மா, அன்னிக்கே என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?” என்றார் டாக்டர். அவர் குரலில் கண்டிப்பு எதுவும் இல்லை. அவருக்குப் பசி, சாப்பிடப் போக வேண்டும். போகிற போக்கில் கேட்டதுதான்.

வெளியே வெயில் கொளுத்தியது. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. உள்ளே இருப்பது ஆறு வாரமாகத் தண்ணீரை முழுங்கி, தூங்கி, உதைத்து, தன் பாட்டில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அதற்கு ஒரு பயமும் இல்லை. அதைத் தொடக்கூடாது என்று கையை மடக்கி வைத்துக்கொண்டிருந்தவள் நான்தான்.

பஸ் நிறுத்தத்தில் அம்மா இளநீர் வாங்கிக் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தாள்.

“எங்கிட்ட ஏண்டி சொல்லல?”

“நீ பயப்படுவேன்னுதான்.”

“பயப்படறதுக்குத்தானடி நான் கீறேன்” என்றாள். பஸ் வரவும் ஏறிவிட்டோம்.

வீட்டுக்கு வந்தபோது நல்ல நேரம் எப்போதோ முடிந்திருந்தது. தூக்குவாளிகளில் எலுமிச்சம் சாதம், புளிச்சாதம், தேங்காய்ச் சாதம். பக்கத்து வீட்டு அக்காவிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு காலண்டரைப் புரட்டிப் பார்த்தார். மறுநாள், நாள் நன்றாக இல்லை. அதற்குப் பிறகு ஆடி. ஆடி முடிந்தால் எட்டாம் மாதமும் கடந்துவிடும். அம்மா வளையல்களைத் திரும்ப அதே செய்தித்தாளில் சுற்றினாள்.

“இப்பவே சும்மா போட்டு விடும்மா” என்று இரண்டு கைகளையும் நீட்டினேன்.

“சும்மா போட இது இன்னா திருவிழாக் கடை வளையலா?” என்றாள். கோபம் இல்லை, களைப்புதான். “ஒம்பதாம் மாசம் ஆவணியில நல்ல நாளாப் பாத்துப் போடறேன். அதுக்குள்ள இன்னா?” சாதத்தை எல்லாம் லைன் வீடுகளுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, எனக்கென்று ஒரு வாளியை மட்டும் வைத்துவிட்டுச் சாயங்கால ரயிலுக்குக் கிளம்பினாள். ஸ்டேஷன் வரை வருகிறேன் என்றேன். வேண்டாம், படுத்து எழுந்திரு என்று சொல்லிவிட்டாள்.

கணவர் ஓவர்டைம் முடித்து இருட்டும் நேரத்தில் வந்தார். கை கால் கழுவும் வரை காத்திருந்து சொன்னேன்.

“வயிறா?”

“வயிறு.”

“அப்ப கறுப்பு?”

“தண்ணி. முழுங்குன தண்ணியாம்.”

ஃபிலிமை வாங்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். இந்தத் தடவை வரிசையாகப் பார்க்கவில்லை, நேராக அந்தக் கட்டத்துக்கே போனார். பிறகு கீழே வைத்தார்.

“தண்ணின்னு எனக்குத் தோணவே இல்ல பாரு. எங்க வேலையில தண்ணியே கெடையாது.”

தட்டு வைத்தேன். அம்மா வைத்துவிட்டுப் போன புளிச்சாதம். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, தலையை நிமிர்த்தாமல், “அன்னிக்கு நான் ஒரு வார்த்தை சொன்னேன்ல” என்றார்.

“சொன்னீங்க.”

“அது...”

“நானும் தலையாட்டுனேன். சாப்பிடுங்க.”

சாப்பிட்டு முடித்தோம். பேச வேண்டியது நிறைய இருந்தது, பேசவில்லை. ஆறு வாரமாகப் பேசாமல் இருந்து பழகிவிட்டது போல.

அம்மா சொன்னபடியே ஆவணியில் ஒரு நாள் பார்த்தாள். பக்கத்து வீட்டு அக்கா அதே ஐந்து பேரை மறுபடியும் கூப்பிட்டிருந்தார். அந்த நாளுக்கு ஐந்து நாள் முன்பே பனிக்குடம் உடைந்து என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெண் குழந்தை. மாதம் முடியாமல் பிறந்ததால் சின்னதாக இருந்தது. பத்து நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். குழந்தைகள் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு நெஞ்சை நெடுநேரம் கேட்டுவிட்டு, ஒன்றும் இல்லை, கடிகாரம் மாதிரி ஓடுகிறது என்றார். அவளுக்குப் பிறகு எங்களுக்கு வேறு குழந்தை இல்லை. ஆகவே எனக்கு வளைகாப்பு நடக்கவே இல்லை. அந்தச் சிவப்பு, பச்சை வளையல்களை அம்மா என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. குடியிருப்பில் யாருக்கு வளைகாப்பு என்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள், நானும் போய் வளையல் போட்டுவிட்டு வருவேன். மற்றவர்கள் பாடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண்ணின் கை எங்கே இருக்கிறது என்றுதான் என் கண் போகும்.

மகளுக்கு இந்தக் கதை தெரியும். “நெட்ல என்னம்மா?” என்று கேட்டுக் கேலி செய்வாள். அவள் அப்பா அன்று சொன்ன ‘ரிஜெக்ட்’ என்ற வார்த்தையைக்கூட அவரே அவளிடம் சொல்லியிருக்கிறார். அவள் சிரித்துவிட்டு அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். ஓமத் தண்ணீர் குடித்ததை மட்டும் நான் சொன்னதில்லை. அவள் முதல் தடவை அசைந்தபோது யாருக்கும் தெரியாமல் போயிற்று. மற்ற தாய்மார்கள் அந்த நாளைத் தேதியோடு சொல்கிறார்கள். தேதி எனக்கும் தெரியும். அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஜூலை மாதம் அதெல்லாம் இன்னும் நடக்கவில்லை. மறுநாள் வியாழக்கிழமை, அவருக்கு முன்னால் எனக்கு விழிப்பு வந்தது. வெளியே இன்னும் சரியாக விடியவில்லை. உள்ளே அவள் விழித்திருந்தாள்; வலது பக்கம் ஒரு தடவை, கொஞ்சம் கீழே ஒரு தடவை. இந்த ஆறு வாரத்தில் குழந்தை அசைகிறதா என்று அவர் ஒரு தடவைகூட என்னிடம் கேட்கவில்லை. கேட்கப் பயந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. அவரை எழுப்பி, வலது கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன்.

கை பட்டதும் நின்றுவிட்டது.

“எங்க?” என்றார், கண்ணைத் திறக்காமல்.

“இங்கதான் இருந்துச்சு. இப்பத்தான்.”

“சரி. வரட்டும்” என்றார். கையை எடுக்கவில்லை. அப்படியே படுத்திருந்தோம்.